பத்து நிமிஷ விளக்கு

பாட்டுக்காரர்கள் ஒத்திகை பார்க்க மணிக்கணக்கில் அறை விடும் இடத்தில் வேலை பார்த்தால், பாட்டைத் தவிர மற்ற எல்லாம் நம் காதில் விழும். கல்யாண மண்டபத்தில் சாவி வைத்திருப்பவர்கள், டியூஷன் சென்டர் வாசலில் உட்கார்ந்திருப்பவர்கள், தியேட்டரில் டார்ச் அடித்து இடம் காட்டுபவர்கள், உங்களுக்கெல்லாம் நான் சொல்வது புரியும். உள்ளே நடப்பது அவர்களுடையது. கதவும் சுவரும் சுவிட்சும் நம்முடையவை.

ஏழு வருஷமாகத் திருச்சி புத்தூரில் ஒரு மாடியில் இந்த வேலை. காலையில் திறந்து, துடைத்து, டீ போட்டு, ஒருவர் நேரம் முடிந்ததும் அடுத்தவரை உள்ளே அனுப்பவேண்டும், அவ்வளவுதான். ஆனால் எனக்கு எதற்கும் பயப்படுகிற சுபாவம். கேஸை மூடினேனா என்று சந்தேகம் வந்து காவிரிப் பாலத்தில் பஸ்ஸை விட்டு இறங்கித் திரும்பி நடந்த நாள் உண்டு. அப்படிப்பட்டவளிடம் அந்த அறை என்னென்ன காட்டியது என்பதைத்தான் எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தை எட்டாவதோடு விட்டவள் நான். ஏன் விட்டேன் என்பதும் இதில் வரும்.

எக்ஸ்ரே எடுக்க வந்தவர்

அந்த அறை முன்பு எக்ஸ்ரே எடுக்கும் இடமாக இருந்தது. சுவர் ஒவ்வொன்றும் ஒரு முழம் தடிமன். அதற்காகவே ஓனர் சார் அதைப் பிடித்து, உள்ளே பஞ்சுப் பலகை அடித்து, டிரம்ஸும் ஆம்ப்ளிஃபயரும் வாங்கிப் போட்டார். பழையதில் மூன்று மட்டும் அப்படியே இருக்கின்றன. கதவில் கை அகலத்துக்கு ஒரு தடித்த கண்ணாடி. கதவுக்கு மேலே, சாத்தினால் எரிகிற ஒரு சிவப்பு பல்பு. அப்புறம், உள் விளக்குக்கான சுவிட்ச், அது அறைக்கு வெளியே இருக்கிறது. கதவைத் தட்டினால் உள்ளே கேட்காது. அதனால் நேரம் முடியப் பத்து நிமிஷம் இருக்கும்போது அந்தச் சுவிட்சைச் சில தரம் தட்டி, விளக்கை விட்டு விட்டு எரிய வைப்பேன். இது கடைசிப் பாட்டு, மூட்டை கட்டுங்கள் என்று அர்த்தம். எல்லா கோஷ்டியும் அதற்கு 'பத்து நிமிஷ விளக்கு' என்று பேரே வைத்துவிட்டார்கள்.

இன்னமும் மாதத்துக்கு ஒருவராவது பழைய சீட்டை வைத்துக்கொண்டு மாடியேறி வந்துவிடுவார். போன ஆடியில் மணச்சநல்லூர்ப் பக்கமிருந்து ஒரு பெரியவர் வந்தார். கையில் பெரிய கவர். இப்போது இங்கே எக்ஸ்ரே இல்லை என்று எத்தனை சொன்னாலும் நம்பவில்லை. சிவப்பு பல்பு எரிகிறதே என்றார். உள்ளே ஒரு கோஷ்டி வாசித்துக்கொண்டிருந்தது. சத்தம் வரவில்லை, தரை மட்டும் அதிர்ந்தது. அவர் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு அந்த அதிர்வின் மேல் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தார். உள்ளே நாலு பேர் வாயைப் பிளந்து, கழுத்து நரம்பு புடைக்கக் கத்திக்கொண்டிருந்தார்கள், ஒரு சத்தமும் இல்லாமல். கவரை மார்போடு அணைத்துக்கொண்டு படியிறங்கும்போது சொன்னார்: "எனக்கு வேண்டாம்மா. இங்க எடுத்துக்கிட்டவங்க யாரும் வெளிய வரலை போலிருக்கு."

பதில் சொன்ன டிரம்

டிரம்ஸில் ஸ்நேர் என்று ஒன்று உண்டு. தட்டையாக இருக்கும், அடித்தோலுக்குக் கீழே மெல்லிய கம்பிகள் ஓடும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஆளில்லாத அறையைத் துடைத்துக்கொண்டே, "அம்மாடி, இடுப்பு போச்சு" என்றேன். மூலையிலிருந்து யாரோ பல்லுக்கு நடுவே சிரித்தார்கள், ஸ்ஸ்ர்ர் என்று. வாளியை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தேன். மறுநாள் கற்பூரம் ஏற்றிக் காட்டிவிட்டு, "யாரு?" என்று கேட்டேன். ஸ்ஸ்ர்ர். மூன்று நாள் துடைத்ததாகப் பொய் சொன்னேன்.

விஷயத்தை விளக்கியது வரதன். ஸ்ரீரங்கத்தில் கோயிலை ஒட்டிய உத்திர வீதி, அக்ரகாரத்துப் பிள்ளை. சின்ன வயதில் மிருதங்கம் கற்றுக்கொண்டு, அதை விட்டுவிட்டு, 'மணல் லாரி' என்ற ராக் கோஷ்டியில் டிரம்ஸ் வாசிக்க வந்தவன். நான் இனிமேல் சொல்லப்போவதெல்லாம் அந்தக் கோஷ்டியைப் பற்றித்தான். பக்கத்தில் எந்தச் சத்தம் வந்தாலும் அந்தக் கம்பி கூடச் சேர்ந்து அதிரும் என்று என்னையே பேசச்சொல்லிக் காட்டினான். நான் பேசினேன், அது பேசியது. காரணம் தெரிந்தது, பயம் மட்டும் அப்படியே இருந்தது. ஸ்நேரைத் தட்டிக்கொடுத்துக்கொண்டு வரதன் சொன்னான்: "பயப்படாதீங்கக்கா. இந்த ரூமுக்கு வரவங்க எல்லாரும் சத்தம் போடத்தான் வராங்க. காது குடுத்துக் கேக்கறது இது ஒண்ணுதான்."

தலையா, இடுப்பா

மணல் லாரியின் பழைய பாட்டு என்றால் கிட்டார் அலறும். பாடகன் டேவிட் தொண்டை கிழியக் கத்துவான். கேட்பவர்கள் தலையை முன்னும் பின்னும் ஆட்டுவார்கள். ரசிகர்கள் தங்களை 'லாரிக்காரங்க' என்று சொல்லிக்கொள்வார்கள். பிராக்டிஸ் நாளில் பத்துப் பதினைந்து பேர் எங்கள் மாடிப்படியில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். சத்தம்தான் வெளியே வராதே, எதற்கு உட்காருகிறீர்கள் என்றால், "உள்ள இருக்காங்கன்னு தெரிஞ்சா போதும்க்கா" என்பார்கள். நடை சாத்தியபிறகும் சன்னதி வாசலை விட்டு நகராதவர்களை ஸ்ரீரங்கத்தில் தினமும் பார்க்கிறவள் நான். அதற்குமேல் கேட்கவில்லை.

போன வருஷம் கோஷ்டி மாறியது. கிட்டார் குறைந்தது. ஒரு சின்னப் பெட்டி வந்தது, பொத்தானை அமுக்கினால் தும் தும் என்று ஓடிக்கொண்டே இருக்கும். ஆடுகிற பாட்டாகப் போட ஆரம்பித்தார்கள். மாடிப்படி இரண்டாகப் பிரிந்தது. மேல்படியில் சுரேஷ் கட்சி. சுரேஷ் பாங்க்கில் வேலை பார்ப்பவர், நாற்பதை நெருங்குகிறார். வளர்த்த முடியை ஆபீஸில் காலருக்குள் செருகிக்கொண்டு, இங்கே வந்ததும் வெளியே எடுத்துவிடுவார். கீழ்ப்படியில் கயல் கட்சி. கயல் சட்டக் கல்லூரியில் படிக்கிற பெண். எதிராளி பேசி முடிக்கும்வரை காத்திருந்து, பிறகு வெட்டுவாள்.

"கல்யாண வீட்டுக் குத்துப் பாட்டுக்கு எதுக்கு ஒரு பேண்டு?" என்பார் சுரேஷ். "குத்துன்னா மட்டமா சார்? யார் ஆடினா மட்டம், அதையும் சொல்லிடுங்க" என்பாள் கயல். டீத் தட்டோடு நடுப்படியில் மாட்டிக்கொண்ட என்னிடம் சுரேஷ் நியாயம் கேட்டார்: "நீங்களே சொல்லுங்கக்கா. பன்னெண்டு வருஷமா தலையை ஆட்டிக் கழுத்தெலும்பு தேஞ்சு போச்சு. இப்ப வந்து இடுப்பை ஆட்டுன்னா, எங்கேருந்து ஆட்டறது?"

கிளாஸ்கள் இடித்துக்கொண்டன

ஒரு புதன்கிழமை மதியம் டீ கிளாஸ்களைக் கழுவித் தட்டில் கவிழ்த்து வைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே மணல் லாரி. தரை அதிர்வது எனக்குப் பழகிப்போன விஷயம். அன்றைக்குக் கிளாஸ்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. இரண்டு தரம் நிதானமாக. மூன்று தரம் வேகமாக. பிறகு ஒன்றுமில்லை, ஒரு மூச்சு விடுகிற நேரம். பிறகு ஒரே ஒன்று. மறுபடி முதலிலிருந்து. நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன்.

அது எங்கள் அப்பாவின் அடி. கொள்ளிடத்துக்கு அக்கரையில் எங்கள் ஊர். அப்பா சாவுக்குப் பறை அடித்தவர். பிணம் வீட்டைவிட்டுக் கிளம்பியதும் அடிக்கிற அடி அது. நடுவில் சத்தமில்லாமல் ஒரு இடம் வருகிறதே, அங்கேதான் பாடை தூக்குகிறவர்கள் தோள் மாற்றிக்கொள்வார்கள். எட்டாவது படிக்கும்போது நான் வகுப்புக்குள் நுழைந்தால் பின்பெஞ்சுப் பையன்கள் அதைப் பெஞ்சில் தட்டுவார்கள். நான் நடக்க நடக்கத் தட்டி, நான் உட்கார்ந்ததும் நிறுத்துவார்கள். ஒரு நாள் வாத்தியாரும் சிரித்தார். அன்றோடு நின்றேன். அதற்குப் பிறகு அப்பாவைப் பற்றி யார் கேட்டாலும் 'ரயில்வே' என்று சொல்லப் பழகிக்கொண்டேன். திருச்சியில் அப்பா ரயில்வே என்றால் மேற்கொண்டு யாரும் கேட்கமாட்டார்கள். ஸ்ரீரங்கத்தில் எனக்கு வாடகைக்கு வீடு கிடைத்ததும் அந்த ஒரு வார்த்தையால்தான்.

யாருக்கோ தெரிந்துவிட்டது, எனக்குக் கேட்கவேண்டும் என்றே அடிக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். வியர்த்து நிற்கும்போது கதவு திறந்தது. வரதன் டவலால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தான்: "அக்கா, இன்னைக்கு ஒரு அடி மாட்டித்து. ரொம்ப நாளா எங்கேயோ பார்த்த மாதிரியே இருக்கு. உங்களுக்கும் அப்படி இருந்துதா?"

முக்கொம்பில் தோள் வலி

அந்தப் பாட்டுக்கு லாரிக்காரர்களை ஆடவைத்துப் படம் பிடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் முக்கொம்பு அணைக்குப் போனார்கள். ஐம்பது பேருக்குத் தயிர்சாதமும் டீயும் என் பொறுப்பு. மதகுக்குப் பக்கத்தில் மரத்தடியில் பாத்திரங்களை இறக்கினேன். சுரேஷும் வந்திருந்தார். "பிடிக்கலைன்னு நேர்ல சொல்லத்தான் வந்தேன்க்கா" என்று சொல்லிவிட்டு, முழுப் பாட்டையும் கைகட்டி உட்கார்ந்து கேட்டார்.

பார்க்கக் கூடாது என்று தலையைக் குனிந்து சாதத்தைக் கிளறிக்கொண்டிருந்தேன். ஸ்பீக்கர் அதிர்ந்தது. நிதானமாக இரண்டு, வேகமாக மூன்று. பிறகு அந்த இடம் வந்தது. சத்தம் நின்றதும் என் தலை தானாக நிமிர்ந்தது. ஐம்பது பேரும் ஒரே நேரத்தில் வலது தோளை இறக்கி, இடது தோளை ஏற்றினார்கள். மதகில் தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. அடுத்த அடி விழுந்ததும் ஆடினார்கள். மறுபடி அந்த இடம், மறுபடி தோள். முகமெல்லாம் சிரிப்பு. தோள் மட்டும் எதையோ தூக்கிக்கொண்டிருந்தது.

அப்பா இறந்தபோது மேளம் வேண்டாம் என்று சொன்னது நான்தான். ஸ்ரீரங்கத்திலிருந்து யாராவது துக்கம் கேட்க வந்துவிட்டால் என்ன செய்வது என்று பயம். ஊரில் அத்தனை பேரைப் பறை அடித்து வழியனுப்பியவர், சத்தமில்லாமல் ஒரு வேனில் போனார். ஐம்பது தோளையும் பார்த்தபோது, இவர்கள் யாரைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள் என்று ஒரு நினைப்பு வந்தது. சாப்பிட வந்த கயலிடம், அந்தத் தோள் ஆட்டத்தை யார் சொல்லிக்கொடுத்தது என்று சும்மா கேட்பதுபோலக் கேட்டேன். அவள் இடது தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டே சொன்னாள்: "யாரும் சொல்லித் தரலக்கா. அந்த இடம் வந்தா தானா மாறுது. ஆனா வலி உயிர் போகுது, கனமா எதையோ சுமந்த மாதிரி."

பல்பு மேல் பழி

பாட்டு போனில் வெளிவந்தது. அன்றைக்கே சுரேஷ் அதன்கீழே எழுதினார்: "இது சாவு மேளம். என் பேண்டைக் கொன்னுட்டு அதுக்கு மேளமும் அடிச்சுட்டாங்க." அதற்குக் கீழே கயல் எழுதினாள்: "சாவு மேளம்னா கேவலமா? அதை அடிக்கறவங்க யாருன்னு தெரிஞ்சுதானே சொல்றீங்க?" சாயங்காலத்துக்குள் அந்தப் பாட்டைக் கேட்காதவர்கள்கூடச் சண்டைக்குள் இருந்தார்கள். சுரேஷை ஜாதி வெறியன் என்றார்கள் கீழ்ப்படிக்காரர்கள். பாட்டைச் சொன்னால் ஜாதியை ஏன் இழுக்கிறீர்கள் என்றார்கள் மேல்படிக்காரர்கள். 'நீ அப்படிப்பட்டவனாடா' என்று பெற்ற தாயே கேட்டுவிட்டார் என்று சுரேஷ் படியில் உட்கார்ந்து புலம்பினார். நான் ஸ்ரீரங்கம் போகிற பஸ்ஸில் ஒவ்வொன்றையும் படித்தேன். படிக்கப் படிக்க எனக்குப் பெஞ்சுச் சத்தம்தான் கேட்டது.

பிறகு கயல் கட்சியே வரதனுக்கு எதிராகத் திரும்பியது. உத்திர வீதியில் பிறந்து மிருதங்கம் படித்தவனுக்கு இந்த அடி எங்கிருந்து கிடைத்தது? யாரிடமோ கேட்டு எடுத்துக்கொண்டு, பேர் போடாமல் விட்டிருக்கிறான். பறைக்காரர்கள் அடித்தால் மட்டம், இவன் வாசித்தால் புதுமையா? கேள்வி நியாயமானது. எனக்கே அது நியாயமாகப் பட்டது. கயல் அவனைப் படியில் மறித்து நேரடியாகக் கேட்டாள்.

வரதன் விழித்தான். "பெருமாள் சத்தியமா யார்கிட்டேயும் எடுக்கல. கடைசி பத்து நிமிஷம் விளக்கு விட்டு விட்டு எரியும் இல்லையா? அதைப் பார்த்துண்டே வாசிச்சேன். அதுலேர்ந்து வந்தது" என்றான். படி முழுக்கச் சிரித்தது. இரண்டு கட்சியும் சேர்ந்து சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். நான் சிரிக்கவில்லை. என் வலது கையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கயல் அவனிடம் சொன்னாள்: "எடுத்தவங்க என்னென்னவோ காரணம் சொல்லிக் கேட்டிருக்கேன் வரதன். பல்பு மேல பழி போட்ட முதல் ஆள் நீங்கதான்."

மோட்டார் சுவிட்ச்

ஸ்ரீரங்கத்தில் மாமி ஒருவர் வீட்டின் பின்போர்ஷனில் குடியிருக்கிறேன். மாமிக்கு எழுபது வயது, முழங்கால் மடங்காது. தண்ணீர் மோட்டாருக்கான சுவிட்ச் கொல்லைச் சுவரில், மூன்று படி இறங்கவேண்டும். பழைய சுவிட்ச், ஒரே தட்டில் பிடிக்காது. ஆறு வருஷமாகத் தினமும் காலையில் அதைப் போட்டுவிடுவது நான்தான். மாமி பெருமாள் பிரசாதம் வந்தால் எனக்கு ஒரு கிண்ணம் எடுத்து வைப்பார். காய்ச்சல் என்று நான் படுத்தால் சுக்குக் கஷாயம் கொண்டுவந்து நிற்பார். நல்லவர் என்பதில் எனக்குச் சந்தேகம் இருந்ததில்லை. 'ரயில்வே'யை எடுத்துவிட்டால் என்ன மிச்சம் இருக்கும் என்பதில்தான் சந்தேகம்.

வரதன் விளக்கைச் சொன்ன மறுநாள் காலை, மோட்டார் போடப் போனேன். தாளிக்கிறவளுக்குத் தாளிக்கிற சத்தம் காதில் ஏறுமா? எனக்கும் இத்தனை வருஷம் ஏறவில்லை. அன்றைக்குக் கையைச் சுவிட்சில் வைத்துவிட்டு, அது என்ன செய்கிறது என்று வேறு யாரையோ பார்ப்பதுபோலப் பார்த்தேன். இரண்டு தரம் நிதானமாகத் தட்டியது. மூன்று தரம் வேகமாக. நின்றது. நான் நிறுத்தவில்லை, அதுவாக நின்றது. பிறகு ஒரு தட்டு. மோட்டார் பிடித்துக்கொண்டது. அப்பாவின் பறையை நான் தொட்டதுகூட இல்லை. பெண் பிள்ளை தொடக்கூடாது என்று அதை எட்டாத உயரத்தில் மாட்டிவைப்பார். கையை முந்தானையில் சுற்றிக்கொண்டு நிற்கையில், சமையல்கட்டிலிருந்து மாமி குரல் கொடுத்தார்: "ஏண்டி செல்வி, ரொம்ப நாளா கேக்கணும்னு பார்க்கறேன். மோட்டார் போடறச்சே எதுக்குடி மேளம் கொட்டறே?"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

சண்டை முற்றியது. ஓனர் சார், படிக்கட்டில் கத்தினால் கீழே கிளினிக் வைத்திருக்கும் டாக்டர் கோபித்துக்கொள்கிறார், எல்லோரும் உள்ளே போய் ஒரு மணி நேரத்தில் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று ஒரு ஞாயிறு மதியம் அறையைத் திறந்துவிடச் சொன்னார். கோஷ்டியும் இரண்டு கட்சியுமாக இருபது பேர் உள்ளே போனார்கள். வரதன் யாரிடம் எடுத்தான் என்று இன்றைக்குப் பேரைச் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் வேறு டிரம்ஸ்காரனைப் பார்த்துக்கொள்கிறேன் என்று டேவிட்டே சொல்லிவிட்டிருந்தான். கதவைச் சாத்தினேன். சிவப்பு பல்பு எரிந்தது.

கண்ணாடி வழியாகப் பார்த்தேன். இருபது வாய் அசைந்தது, ஒரு சத்தமும் இல்லை. மணச்சநல்லூர்ப் பெரியவர் ஞாபகம் வந்தது. சுரேஷ் கையை ஓங்கி ஓங்கிப் பேசினார். கயல் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, பேனாவோடு காத்திருந்தாள். வரதன் மேலே விளக்கைக் காட்டினான். யாரோ சிரித்தார்கள். மறுபடி காட்டினான். அவன் கண் கலங்கியிருந்தது. அவன் சொல்வது உண்மை என்று தெரிந்த ஒரே ஆளான நான், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். பேசாமல் இருந்தால் என் வீடு எனக்கு. அவனுக்கு வேறு கோஷ்டி கிடைக்காதா, சின்ன வயதுதானே என்று மனசு கணக்குப் போட்டது. மணியைப் பார்த்தேன். பத்து நிமிஷம் இருந்தது.

அதுவரைக்கும் என் கை அடித்தது. அன்றைக்கு நான் அடித்தேன். இரண்டு நிதானமாக. மூன்று வேகமாக. இருட்டு. வெளிச்சம். முதல் சுற்றில் இரண்டு மூன்று பேர் மேலே பார்த்தார்கள். இரண்டாவது சுற்றில் வாய்கள் நின்றன. மூன்றாவது சுற்றின் இருட்டு முடிந்து வெளிச்சம் வந்தபோது, இருபது பேரும் ஒரு தோள் இறங்கி, ஒரு தோள் ஏறி, கண்ணாடியையே பார்த்துக்கொண்டு நின்றிருந்தார்கள்.

கயல்தான் கதவைத் திறந்தாள். "அக்கா, இது நீங்களா?" என்றாள். வாசலில் நின்றபடியே சொன்னேன்: "எங்கப்பாவோடதும்மா. அவர் ரயில்வே இல்ல. சாவுக்குப் பறை அடிச்சவர்." மூலையில் ஸ்நேர் மட்டும் ஸ்ஸ்ர்ர் என்றது. சுரேஷ் என் முகத்தைப் பார்க்கமுடியாமல், தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்: "அக்கா... நான் போன்ல எழுதினதை நீங்க படிச்சீங்களா?"

பேர் போட்டது

பாட்டுக்குக் கீழே அப்பா பேரைப் போடலாமா என்று வரதன் கேட்டான். மூன்று நாள் தூக்கமில்லை. போட்டால் மாமி பார்ப்பாரா, பார்த்தால் என்ன சொல்வார், சாமானையெல்லாம் எந்த வண்டியில் ஏற்றுவது என்றுவரைக்கும் யோசித்தேன். அப்பாவை ஒரு தரம் சத்தமில்லாமல் அனுப்பியாயிற்று, இன்னொரு தரமும் அப்படியே செய்வதா என்றும் யோசித்தேன். போடு என்றேன். 'அடி: மாரிமுத்து. கொண்டுவந்தவர்: அவர் மகள் செல்வி' என்று போட்டார்கள். கயல் வரதனிடம் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டாள். சுரேஷ் பழையதை அழித்துவிட்டு, "அடி அருமை. ஆனா சத்தியமா இது ராக் இல்ல" என்று புதிதாக எழுதினார். அதன்கீழே சண்டை மறுபடி நடந்துகொண்டிருக்கிறது.

மாமியின் பேத்தி போனில் அந்தப் பாட்டைக் காட்டியிருக்கிறாள். மறுநாள் காலை நான் கொல்லைப் பக்கம் போனபோது, மாமி சுவரைப் பிடித்துக்கொண்டு அந்த மூன்று படியையும் இறங்கி, எனக்கு முன்னால் சுவிட்சுக்குக் கீழே நின்றிருந்தார். என்றைக்கும் இல்லாத மரியாதையோடு சொன்னார்: "நீங்க சிரமப்பட வேண்டாம். மோட்டாரை இனிமே நானே போட்டுக்கறேன்."

பிரசாதக் கிண்ணம் நின்றது. தைக்குள் போர்ஷனைக் காலி செய்து தரவேண்டும் என்று பேத்தி மூலம் சொல்லியனுப்பினார். விடிகிற நேரத்தில் இப்போது நான் படுத்தபடியே கேட்டுக்கொண்டிருக்கிறேன். மாமி ஒவ்வொரு படியாக இறங்குவார். சுவிட்ச் ஒரே தட்டில் பிடிக்காது. கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்காது. பிறகு இரண்டு தரம் நிதானமாக, மூன்று தரம் வேகமாக, ஒரு மூச்சு விடுகிற இடைவெளி, அப்புறம் ஒரே ஒரு தட்டு. மோட்டார் ஓடும்.

ஆகவே என்னைப்போல் அடுத்தவர்கள் கதவைக் காத்து வயிறு வளர்ப்பவர்கள் யாராவது புத்தூர்ப் பக்கம் காலி வீடு பார்த்தால் சொல்லுங்கள், அப்பாவுக்கு என்ன வேலை என்று கேட்டால் பதில் தயாராக இருக்கிறது, மோட்டார் மட்டும் ஒரே தட்டில் பிடிக்கிற வீடாக இருக்கட்டும்.